தராசுக்காரர் சுவர் சுரண்டிய கதை

1

நாள்தோறும் மாலையில் வேலை முடிந்து வீடு திரும்பியதும் அவர் முகம் கழுவுவார். தலைக்குத் தாராளமாக எண்ணெய் வைத்துப் படியச் சீவுவார். கூடத்து மூலையில் கிடக்கும் பிரம்பு நாற்காலியில் அமர்ந்து, பின்னந்தலையைச் சுவரில் சாய்த்துக் கண்களை மூடிக்கொள்வார். அதன்பின் அந்த வீட்டில் யார் எதைக் கேட்டாலும் பதில் மூடிய கண்களோடுதான் வரும்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுக்க ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்குத் தண்ணீர் கொண்டுவர வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போனார். அவர் போய்விட்டார், அவருடைய தலை மட்டும் சுவரிலேயே இருந்தது. வட்டமாக, பழுப்பாக, லேசான பளபளப்போடு. திரும்பி வந்தவர் தம் தலையை அந்த வட்டத்துக்குள், மூடியைப் பாத்திரத்தில் பொருத்துவதுபோலப் பொருத்திக்கொண்டு பேசத் தொடங்கினார். என்ன பேசினார் என்பது எனக்குத் தெரியாது. விடைபெறும்போது குடையை மறுபடியும் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மற்றதெல்லாம் கற்பனை. அந்த வீட்டுக்காரர் இதைப் படிக்க நேர்ந்தால்: ஐயா, இது நீங்கள் இல்லை. குடை மழைக்காலம் முடிந்ததும் வந்து சேரும்.

2

இப்போது நீங்கள் படித்த தொடக்கத்துக்கு முன்னால் வேறு சில தொடக்கங்கள் இருந்தன.

சுவர் என்பது மனிதன் தனக்கும் உலகத்துக்கும் நடுவே எழுப்பிக்கொண்ட

(இங்கே நிறுத்திவிட்டேன். சுவர் என்பது சுவர்தான். ஆணி அடிக்கலாம், சாய்ந்துகொள்ளலாம். அதற்குமேல் அதன் தலையில் எதையும் சுமத்தக் கூடாது.)

அந்தப் பழைய பூச்சுக்கு அடியில் யாரும் அறியாத ஒரு

(இதையும் விட்டேன். சுவர் சுரண்டும் கதை என்றதும் உங்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அடியில் ஓர் ஓவியம் இருக்கும். அல்லது ஒரு பெயர். அல்லது பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த கோடுகள். இப்போதே சொல்லிவிடுகிறேன், எதுவும் இல்லை. பூச்சுக்கு அடியில் இன்னொரு பூச்சு, அதற்கடியில் சுண்ணாம்பு, அதற்கடியில் சிமெண்டு, அதற்கடியில் செங்கல். செங்கல்லுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் சமையலறை. ஏமாற்றமாக இருந்தால் இங்கேயே எழுந்து போய்விடலாம்; நான் வருத்தப்பட மாட்டேன். கொஞ்சம்தான் வருத்தப்படுவேன்.)

இன்னொன்று. எழுதி எழுதி அடிப்பதும் பூசிப் பூசிச் சுரண்டுவதும் ஒன்றுதானே என்று பின்வரிசையில் யாரோ கை தூக்குவது தெரிகிறது. ஒன்றுதான். உட்காருங்கள்.

3

கதையில் வருகிறவர்கள் மொத்தம் நான்கு பேர். அதற்குமேல் ஒருவர் வந்தால் எனக்கே அடையாளம் தெரியாமல் போகும்.

நாற்காலியில் கண்மூடி இருப்பவர், கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிக்கும் அரசு ஆய்வாளர். வீதியில் அவருக்குத் தராசுக்காரர் என்றே பெயர். அவர் தொலைவில் வருவதைப் பார்த்ததும் காய்கறிக் கடைக்காரர்கள், ஒட்டியது ஏதும் இருக்கிறதா என்று தராசுத் தட்டுக்கு அடியில் கைவிட்டுத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். பிறர் பக்கத்தில் எது குறைகிறது என்று கண்டுபிடிப்பதே அவர் தொழில். அதை அவர் வேலை நேரத்தோடு நிறுத்திக்கொண்டதில்லை.

அவருடைய மனைவி வீதி முனையில் தையற்கடை வைத்திருக்கிறார். கழுத்தில் எப்போதும் அளவுநாடா தொங்கும். முதல் வரைவில் இவரை இரண்டு பக்கத்துக்குக் கணவரைத் திட்ட வைத்திருந்தேன். எழுதி முடித்ததும் அவர் என்னைப் பார்த்த பார்வை சரியாக இல்லை. பேச்சைக் குறைத்து நாடாவை மட்டும் கொடுத்தேன். அதன்பிறகு அவரைக் கண்டால் எனக்கே கொஞ்சம் பயம்.

மூன்றாமவர் அந்த அம்மாவின் தம்பி, அதாவது தராசுக்காரரின் மச்சினன். தொழில், வீடுகளுக்கு வண்ணம் அடிப்பது. இந்தப் பாத்திரத்தின்மேல்தான் எனக்கு அதிகச் சந்தேகம். முதலில் அவனைப் பசுபோல எழுதியிருந்தேன். குனிந்த தலை நிமிராதவன், அதிர்ந்து பேசாதவன். அப்படி ஒரு பெயின்டரை நான் பார்த்ததே இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். இப்போது அவன் இப்படிப் பேசுகிறான்:

"நான் அடிச்ச சுவத்துல ஈ உக்காராதுக்கா. உக்காந்தா வழுக்கி விழுந்துரும். போன மாசம் ரெண்டு ஈக்குக் கால் உடைஞ்சுபோச்சு."

இது பரவாயில்லை. இவனை நம்பலாம்.*

நான்காமவர் அந்தக் குடியிருப்பின் செயலாளர்; மேல்மாடியில் வசிக்கிறார். அவர் வேலை, தேநீர் குடிப்பது. கதைக்கு அது மிகவும் தேவை.

* நம்பலாம் என்றால் ஈக்கணக்கை அல்ல.

4

மச்சினன் தன் அக்கா வீட்டுக் கூடத்துக்கு வண்ணம் அடித்துக் கொடுத்தான். அடிப்பதற்கு முன்னால், அக்கா கடைக்குப் போயிருந்த வேளையில், அவனுக்கும் தராசுக்காரருக்கும் நடுவே சின்னதாக ஓர் உரையாடல் நடந்தது. அதை நான் இங்கே வேண்டுமென்றே எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன். தேடாதீர்கள், தேவைப்படும்போது நானே தருகிறேன்.

கூடம் பளிச்சென்று ஆயிற்று. செயலாளர் எட்டிப் பார்த்தார், அவருக்கும் பிடித்துப்போயிற்று. குடியிருப்பின் மாடிப்படிச் சுவர்களையும் சுற்றுச்சுவரையும் இந்தப் பையனிடமே விடலாமா என்று யோசித்தார். யோசிப்பதற்குத் தேநீர் வேண்டுமல்லவா? ஒருநாள் மாலை கீழே வந்தார். கூடவே, நான்கு பேர் கணக்கில் சேராத அண்டை வீட்டுக்காரர்கள் சிலரும் வந்தார்கள். விருந்தினர் என்பதால் தராசுக்காரர் தம் பிரம்பு நாற்காலியைச் செயலாளருக்குக் கொடுத்தார். மச்சினன்தான் தட்டில் தேநீரைக் கொண்டுவந்து கொடுத்தான். அன்றைக்கு அவன் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான்.

செயலாளர் சுகமாகப் பின்னால் சாய்ந்தார். சாய்ந்த இடத்தில் சுவரின் பூச்சு, அப்பளம்போல ஒரு வில்லை, உப்பி விடுபட்டு அவர் தோளில் பட்டுத் தேநீர்க் கோப்பைக்குள் இறங்கியது. மூழ்கவும் இல்லை, படகுபோல மிதந்தது.

எல்லாரும் அதையே பார்த்தார்கள். பிறகு எல்லாரும் தராசுக்காரரைப் பார்த்தார்கள். குறை என்று ஒன்று இருந்தால் அது யாருடையது என்று உடனே சொல்லிவிடுவது அவர் பழக்கம்.

"பயப்படாம குடிங்க சார். டீ எங்களோடது. மேல மிதக்குறது மட்டும் என் மச்சினனோடது."

சிரிப்பு கூடத்தை நிறைத்தது. செயலாளர் விரலால் வில்லையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

மச்சினன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். (அவன் சொல்லவிருந்த பதிலை எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அது நியாயமான பதில். அதைச் சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவனுக்கு நான் செய்த அநியாயம் அது.) ஒளித்து வைத்த உரையாடலை அவன் அங்கே எடுத்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஏனப்பா என்று பிறகு தனியாகக் கேட்டேன்.

"அக்கா அவரோடதான இருக்கணும்," என்றான்.

தட்டைச் சன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போனவன் அந்த வீட்டுப் படியை மறுபடி மிதிக்கவில்லை. மாடிப்படி வேலை வேறு யாருக்கோ போயிற்று. அக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் தையற்கடை வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவான். வீட்டுக்கு வாடா என்பார். "சுவரு விழுந்துரும்க்கா" என்பான்.

5

சுவர் நாளுக்கு நாள் கெட்டது. நாற்காலிக்குப் பின்னால் பூச்சு உதிர்ந்து, சொறி பிடித்ததுபோல ஆயிற்று. வேறொரு பெயின்டரைக் கூப்பிடலாம் என்றார் தராசுக்காரர், கண்களைத் திறக்காமல்.

மனைவி உதிர்ந்ததைக் கூட்டி அள்ளினார். மறுநாள் மாலை அவர் வந்து உட்காரப் போனபோது நாற்காலியில் ஒரு சுரண்டி இருந்தது. அகன்ற தகடும் மரப்பிடியும் கொண்டது. பக்கத்தில் தண்ணீர் தெளிக்கும் குப்பி, ஒரு கட்டு உப்புத்தாள், மடித்த பழைய துணி.

"இது என்ன?"

"சுரண்டி."

"தெரியுது. எதுக்கு?"

"என் தம்பி அடிச்சது நல்லால்லன்னு ஊருக்கே சொன்னீங்கள்ல. நல்லால்லாததை எடுத்துருங்க. வேற ஆளு இந்தச் சுவத்தைத் தொடக் கூடாது. நீங்களே உரிங்க."

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல."

"அவ்வளவு மட்டமான வேலைன்னா ஊதுனா வந்துரும். ஊதிப் பாருங்க."

விடுமுறை நாள் காலையில், மனைவி கடைக்குக் கிளம்பிய பிறகு, தராசுக்காரர் ஊதிப் பார்த்தார். இல்லை, நான் எழுதுவது பொய்யில்லை. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நாற்காலிக்குப் பின்னால் உப்பியிருந்த இடத்தில் மெய்யாகவே ஊதினார். ஒரு வில்லை கழன்று விழுந்தது. அவருக்கு மிகுந்த திருப்தி ஏற்பட்டது.

6

இந்த இடத்தில் ஒரு குட்டிக்கதை சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அவசரம் இருப்பவர்கள் ஏழாம் பகுதிக்குத் தாண்டிவிடலாம்.

ஒரு வீட்டில் ஒரு நாற்காலியும் ஒரு சுவரும் இருந்தன. சுவர் ஒருநாள் அழுதது. "இந்த மனிதர் உன்மேல்தான் உட்காருகிறார்; முழுப் பாரமும் உனக்குத்தான். ஆனால் உன்மேல் ஒரு கறையும் இல்லை. என்மேல் தலையை மட்டும்தான் வைக்கிறார். நானோ இப்படிக் கறுத்துப்போனேன். இது என்ன நீதி?"

நாற்காலி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னது: "என்னிடம் அவர் உட்காருவதோடு சரி. உன்னிடம்தானே அவர் யோசிக்கிறார்."

இதனால் அறியப்படுவது

(எதுவும் அறியப்படவில்லை. பழக்கதோஷம், கை தானாக எழுதிவிட்டது.)

7

ஊதி வந்தது அந்த ஒரே இடம்தான்.

தராசுக்காரர் சன்னல்களைத் திறந்துவைத்து, பழைய பூச்சின் தூசி மூக்கில் ஏறாமலிருக்க ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு, சுவரில் தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டுச் சுரண்டியை வைத்தார். நாற்காலிக்குப் பின்னால் பூச்சு தோலுரிவதுபோல வந்தது; அதனடியில் இருந்த பழைய பூச்சும் சுண்ணாம்பும் சேர்ந்தே வந்தன. இப்படியே போனால் சாப்பாட்டுக்குள் சுவர் முடிந்துவிடும் என்று நினைத்து, சுரண்டியைக் கையகலம் இடப்பக்கம் நகர்த்தினார்.

சுரண்டி நகரவில்லை.

அழுத்தினார். கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. பூச்சில் நகக்கீறல்போல ஒரு கோடு விழுந்தது, அவ்வளவுதான். மறுபடி தண்ணீர் தெளித்தார். காத்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். கட்டைவிரல் நகத்தளவு வந்தது. வலப்பக்கம் போய்ப் பார்த்தார். அங்கும் அதே கதை. மேலே, கீழே, சன்னலோரம், கதவோரம். எங்கே வைத்தாலும் அந்தப் பூச்சு சுவரை விடமாட்டேன் என்றது. பகல் ஏற ஏற அவர் முழங்கை துடித்தது, பனியன் நனைந்தது, உள்ளங்கையில் கொப்புளம் எழுந்தது. பிறர் வேலையின் தரத்தை அவர் வாழ்நாளில் எவ்வளவோ சோதித்திருக்கிறார். தோள்பட்டையால் சோதித்தது இதுவே முதல் முறை.

மட்டமான வேலை என்று அவர் ஊருக்குச் சொன்ன வேலை அது.

விலகி நின்று பார்த்தார். சுவர் முழுக்க இறுகப் பற்றியிருந்த பூச்சு, ஒரே ஓர் இடத்தில் மட்டும் விட்டுப்போயிருந்தது. வெறும் சிமெண்டில், பழுப்பாக, வட்டமாக, எண்ணெய் ஊறிய ஒரு தலை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குக் கண் இல்லைதான். இருந்தாலும் பார்த்தது.

இப்போது நான் ஒளித்து வைத்ததை எடுத்துத் தருகிறேன். அவருக்கும் அது இந்த நேரத்தில்தான் நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தது என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. அது எங்கும் போகவில்லை.

"மாமா, இந்த இடத்துல எண்ணெய் இறங்கியிருக்கு. பழசைச் சுரண்டி எடுத்துட்டுதான் அடிக்கணும்."

"சுரண்டுனா வீடெல்லாம் தூசி மாப்ள. மேலயே அடிச்சு விடு."

"நிக்காது மாமா."

"எல்லாம் நிக்கும். உனக்கு வேலையை இழுக்கணும். அடி."

தராசுக்காரர் கண்களை மூடிக்கொள்ளப் பார்த்தார். சாய்வதற்குச் சுவர் தோதாக இல்லை. எனவே கள்ளத் தராசு வைத்திருப்பவன் ஆய்வாளர் வருவதைப் பார்த்ததும் என்ன செய்வானோ அதையே செய்தார். ஒரு வாளியில் சோப்பு நீர் கலந்து, நார் வைத்து அந்த வட்டத்தைத் தேய்க்கத் தொடங்கினார். எண்ணெய் கலைந்தது, கலைந்து பரவியது. தலை இருந்த இடத்தில் இப்போது தலையும் தோளும் தெரிந்தன.

"என்னங்க பண்றீங்க?"

மனைவி கடையிலிருந்து வந்து வாசலில் நின்றிருந்தார்.

"அழுக்கா இருக்கு. கழுவுறேன்."

"சுவரெல்லாம் அப்படியே ஒட்டிக்கிட்டிருக்கு. அந்த ஒரு இடம் மட்டும்தான் அழுக்கா?"

மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஓரமாகத் தள்ளியிருந்த நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டார். கழுத்திலிருந்த நாடாவை உருவினார்.

"உக்காருங்க."

"எதுக்கு?"

"அளவு பாக்கத்தான். உங்க தொழில்ல அளவு பாக்குறதில்லையா?"

உட்கார்ந்தார். நாடாவின் ஒரு முனை நாற்காலியின் அடியில், மறுமுனை அவர் பின்னந்தலையில். பிறகு அவரை எழச் சொல்லி, அதே நாடாவைச் சுவரில் பிடித்துப் பார்த்தார். எண் எதையும் சொல்லவில்லை. நாடாவைச் சுருட்டிக்கொண்டே, கடையில் சட்டை போட்டுப் பார்க்கும் வாடிக்கையாளரிடம் சொல்வதுபோல, "கச்சிதமா இருக்கு," என்றார்.

தராசுக்காரர் முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார்.

"அவன் சுரண்டிட்டுதான் அடிக்கணும்னான். நான்தான் வேணாம்னேன்."

தம்பி ஏன் வாய் திறக்காமல் போனான் என்பது மனைவிக்கு அப்போதுதான் விளங்கிக்கொண்டிருந்தது.

"இதை எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றார். "அன்னைக்கு டீ குடிச்சது நானா?"

8

இங்கிருந்து கதை பல பக்கம் போகலாம். எல்லாப் பக்கமும் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

ஒரு முடிவில், அவர் துணி அலமாரியை நகர்த்தி அந்த இடத்தை மறைத்துவிடுகிறார். பெரும்பாலான வீடுகள் இப்படித்தான் நடக்கின்றன. எனக்குக் கூச்சமாக இருந்ததால் அலமாரியைத் திரும்ப நகர்த்திவிட்டேன்.

இன்னொரு முடிவில், செயலாளர் வீட்டுக்குப் போகிறார். அங்கேயும் நாற்காலிக்குப் பின்னால் ஒரு தலை. எழுதும்போது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் பிறருக்கும் தலை இருக்கிறது என்பதனால் இவருடைய தலை இல்லையென்று ஆகுமா? கிழித்துவிட்டேன்.

வேறொன்றில் சுவர் வாய்திறந்து பேசிவிடுகிறது. தையற்கார அம்மா தலையிட்டு, "அவரு பேச வேண்டியதைச் சுவரு பேசுனா நல்லாவா இருக்கு?" என்றார். வாதாட முடியவில்லை.

மிஞ்சியது இதுதான்.

9

மச்சினன் ஒரு புதுக் கட்டடத்தில் ஏணிமேல் நின்று விட்டத்துக்கு அடித்துக்கொண்டிருந்தான். தராசுக்காரர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். அவர் யாரையேனும் அண்ணாந்து பார்ப்பதாக நான் எழுதிய முதல் இடம் இதுதான்.

"மாப்ள, வீட்டுக்கு வா."

"எதுக்கு மாமா? டீ கொண்டுவர ஆளில்லையா?"

"இந்தத் தடவை நான் கொண்டு வரேன்."

அவன் இறங்கவில்லை. தூரிகையை வாளி விளிம்பில் வழித்துவிட்டு மறுபடி அடிக்கத் தொடங்கினான். வருவான் என்ற நம்பிக்கை எனக்கே இல்லை. அன்று மாலை அவனைக் கொண்டுவந்து அந்த வாசலில் நிறுத்தியது நான் இல்லை. அவன் வேலை முடிந்து போகும் வழியில் அக்காவின் தையற்கடை இருக்கிறது.

செயலாளரையும் அழைத்திருந்தார்கள். அன்று சிரித்த அண்டை வீட்டுக்காரர்களையும்தான்.

"டீயைத் தட்டு போட்டு மூடிக் குடுப்பீங்களா?" என்று கேட்டுக்கொண்டே செயலாளர் உள்ளே வந்தார். சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். தராசுக்காரரே தட்டை ஏந்தி வந்து ஒவ்வொருவருக்காகக் கொடுத்தார். முதல் கோப்பையை வாசலில் நின்றவனுக்குக் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டான், உள்ளே வரவில்லை.

பிறகு தராசுக்காரர் தம் நாற்காலியில் உட்கார்ந்து, பின்னந்தலையைப் பழுப்பு வட்டத்தில் சாய்த்துக் காட்டினார். கண்களைத் திறந்தே வைத்திருந்தார்.

"பாத்துக்குங்க. இது என் தலை. பழசைச் சுரண்டிட்டு அடிக்கணும்னு இவன் சொன்னான். தூசி வரும், மேலயே அடின்னு சொன்னது நான். மத்த இடத்துல இவன் அடிச்சதை ஒரு நாள் பூரா சுரண்டியும் என்னால எடுக்க முடியல. கையைப் பாருங்க."

கையை விரித்தார். யாரும் சிரிக்கவில்லை. செயலாளர் கோப்பையை உள்ளங்கையால் மூடியபடியே கேட்டார்:

"அப்போ அன்னைக்கு என் டீயில விழுந்தது?"

"டீயும் எங்களோடது சார். மிதந்ததும் என்னோடது."

செயலாளர் வாசல் பக்கம் திரும்பினார். "மாடிப்படி முடிஞ்சுபோச்சேப்பா," என்றார் வருத்தமாக. சுற்றுச்சுவரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அவரைச் சொல்ல வைக்கப்போவதில்லை. போனதையெல்லாம் திருப்பிக் கொண்டுவரும் கதை என்றால் அதை வேறு ஆள் எழுத வேண்டும்.

மச்சினன் இன்னும் வாசலில்தான் நிற்கிறான். தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது. அக்கா நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்க்கிறார்.

தராசுக்காரர் எழுந்தார். தம் நாற்காலியைத் தாமே தூக்கிக் கொல்லைப்புறம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். ஈரத்துணியை மறுபடி முகத்தில் கட்டிக்கொண்டு, கொப்புளம் எழுந்த கையில் சுரண்டியை எடுத்தார். அவனிடம் நீட்டவில்லை, தம் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"சொல்லு மாப்ள. எங்கேருந்து ஆரம்பிக்கணும்? வீடெல்லாம் தூசியாகட்டும். நீ சொல்றபடி நான் சுரண்டுறேன்."

அவன் என்ன சொன்னான் என்பதை எழுதிப் பார்த்தேன்; அடித்தேன்; வேறுவிதமாக எழுதி அதையும் அடித்தேன். நான்காம் பகுதியில் அவன் பதிலை ஒருமுறை பறித்துக்கொண்டவன் நான். மறுபடியும் அவன் வாய்க்குள் என் வார்த்தையைத் திணிக்க எனக்கு மனம் வரவில்லை. அவன் பதிலைச் சொல்லும் கடன் உங்களுக்கு இருக்கிறது. நீங்களும் அன்று சிரித்தீர்கள் அல்லவா?

உங்களுக்காக ஒரு வரியைச் சுரண்டிச் சுத்தமாக விட்டிருக்கிறேன்.

"                                                                "

அதற்குள் தராசுக்காரர் சுவரில் தண்ணீர் தெளித்துவிட்டார். ஊறிக்கொண்டிருக்கிறது.